திரும்பிப் பார்க்கும் வியாதி

ஓடும்போது திரும்பிப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் வரப்பு, மேடு, முள்காடு என்று பாதை எங்கெங்கோ போகும். பார்க்க வேண்டியது முன்னால்தான். நானோ பின்னால் எவன் வருகிறான் என்று பார்த்துப் பார்த்தே வேலிகளில் விழுந்தவன். ஒருமுறை கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலைக் கொல்லையில் குப்புற விழுந்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கடல வேணும்னா கேட்டு வாங்கக்கூடாதா தம்பி" என்றார்.

இருந்தாலும் பதினாறு வயதில் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஓட்டம் ஒன்றுதான் இருந்தது. மதிப்பெண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் விருந்தாளிகள் முன்னால் பேசுவதில்லை. விடியற்காலையில் கிரிவலப் பாதையில் பாதி தூரம் ஓடிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்புவேன். வந்த வழியே ஓடித் திரும்பலாமே என்று யாரும் கேட்டதில்லை. மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும். இடமாக ஓடுகிறவனை எங்கள் ஊரில் டீக்கடைக்காரர்கூட நிறுத்தி விசாரிப்பார்.

பிளஸ் ஒன் பாதியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்தது. சில மாதங்களில் சேர்ந்துவிட்டது. ஆனால் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். பந்தய ஓட்டம் மட்டும் வேணாம்" என்றார். வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அக்கா மட்டும், "இனிமே வேலியெல்லாம் நிம்மதியா இருக்கும்" என்றாள்.

பொங்கல் கழிந்த ஒரு நாள், வேங்கிக்காலுக்கு ஏதோ வேலையாகப் போய்விட்டு வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"சென்னைலேர்ந்து துடுப்புப் படகு கிளப்காரங்க வந்திருக்காங்கடா. நம்ம ஏரில ரெண்டு வாரம் கத்துக்குடுத்து, போட்டி வச்சு, ரெண்டு பேர கேம்புக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். நெட்டையா இருக்கணுமாம். மூளை வேணும்னு சொல்லல. உன் ஞாபகம்தான் வந்துச்சு."

"எனக்குப் படகு விடத் தெரியாதே."

"ஓடவுந்தான் தெரியாது. கப்பு வாங்கலியா?"

நீச்சல் தெரியும், மாமா வீட்டுக் கிணற்றின் தயவு. ஆனால் அந்தப் படகைப் பார்த்ததும் நீந்திவிடுவதே மேல் என்று தோன்றியது. முருங்கைக்காயை நீளவாக்கில் பிளந்து தண்ணீரில் போட்டதுபோல் இருந்தது. ஒரு ஆள்தான் உட்காரலாம், தும்மினால் கவிழும். முதல் நாள் நான் தும்மவில்லை. அப்படியும் கவிழ்ந்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கோச் மேடத்துக்கு அக்கா வயதுதான் இருக்கும். "போற பக்கத்துக்கு முதுகக் காட்டி உக்காருங்க" என்றார்.

"அப்ப வழி எப்படித் தெரியும் மேடம்?"

"அப்பப்ப திரும்பிப் பாக்கணும்."

ஒருவர் என்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. அன்றே அந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. துடுப்புப் போடுவது கை வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் உதைப்பது கால்தான். உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். தரையில் மோதாத ஓட்டம். கால் வலிக்கவில்லை. பதினைந்து நாளும் வீட்டில் நான் பேசியதெல்லாம் படகுதான். இதிலும் தேறாவிட்டால் மறுபடி ஆறுதல் சொல்ல வருவார்களே என்ற பயம் மட்டும் உள்ளே இருந்தது.

போட்டி அன்று நான்கு படகுகள். நடு ஏரியில் கிடந்த மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். "எல்லாரும் இடது பக்கமாச் சுத்தணும். இல்லன்னா மோதிக்குவீங்க" என்று கோச் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

விசில் ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் என் கண்ணெதிரே மூன்று முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. இந்த விளையாட்டில் மற்றவன் முதுகு தெரிந்தால் நாம் முன்னால் இருக்கிறோம் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கும் வியாதிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த மூன்று முதுகுகளையும் ரசித்துக்கொண்டே மிதவையை அடைந்து, அழகாக, நிதானமாக, வலமாகச் சுற்றினேன்.

கரையிலிருந்து அக்காவின் குரல்தான் முதலில் கேட்டது. "டேய், அது மலை இல்லடா."

அடுத்து வந்தவனின் படகுக்குக் குறுக்கே நின்றேன். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. பின்வாங்கி, மறுபடி இடமாகச் சுற்றி வருவதற்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள். இப்போது என் எதிரே வெறும் தண்ணீர். அதற்கு அப்பால் மலை. இத்தனை நாள் அதைச் சுற்றிப் பழகியதால்தானே இந்தக் கதி? அதுவோ ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது.

திரும்பிப் பார்த்தால் மூன்று முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பார்க்கவில்லை. மலை உச்சியைப் படகின் பின்நுனிக்கு நேராக வைத்துக்கொண்டு உதைத்தேன். எத்தனை உதை என்று தெரியாது. மூச்சு விசில் மாதிரி வந்தது. கரையிலிருந்த கூச்சல் நெருங்கியபோது பக்கவாட்டில் ஒரு துடுப்பு தெரிந்தது. பிறகு ஒரு தோள். பிறகு ஒரு முதுகு. அவ்வளவு அழகான முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் இடம். தேர்வானவர்கள் இரண்டு பேர். அவர்கள் பெயரைப் படித்த பிறகு கோச் என்னிடம் வந்தார்.

"ஏன் அந்தப் பக்கம் திரும்புனீங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தான் மேடம் சுத்துவோம்."

அவர் மலையைப் பார்த்தார், பிறகு என்னை. "அவ்ளோ தூரம் விட்டுட்டு வந்தும் ஒருத்தரப் புடிச்சிட்டீங்க. மாத்து ஆளா, ஸ்டாண்ட்பையா ஒருத்தரக் கூட்டிட்டுப் போறோம். வர்றீங்களா? இடது எதுன்னு கத்துக்கிட்டு வரணும்."

வீட்டில் அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "வலமாத்தானே சுத்துன?" என்றாள்.

"ஆமா."

"அதுல என்னடா தப்பு? அவங்கள மாத்திக்கச் சொல்லு."

கேம்புக்குக் கிளம்பிய பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், பின்பக்கம் பார்த்த சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. "அங்க உக்காந்தா வாந்தி வரும்பா" என்றார் கண்டக்டர். எனக்கு அது பழகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்தேன். கீழே நின்ற அக்கா தன் இடது கையைத் தூக்கி, இதுதான் இடது என்று விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். பஸ் நகர்ந்தது. அவள், பஸ் ஸ்டாண்ட், அதற்குப் பின்னால் மலை என்று எல்லாம் என் கண்ணெதிரே சிறிதாகிக்கொண்டே போயின. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.