சித்தியின் வாட்சை நான் ரிப்பேர் செய்த வெள்ளிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் யாரும் என்னைக் கேட்டுவிட்டுப் புது போன் வாங்குவதில்லை. வாங்கிய பிறகு கொண்டுவந்து காட்டுவார்கள். நான் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இதில் என்னென்ன கோளாறு என்று விளக்க ஆரம்பிப்பேன். மூன்றாவது கோளாறுக்கு வரும்போது எதிரே நாற்காலி மட்டும்தான் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டர் உசத்தி, எந்த விளையாட்டை எந்தத் திரையில் ஆடினால் கண்ணுக்கு மோட்சம் என்பதிலெல்லாம் எனக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. கேட்க ஆள் கிடையாது. இந்த வியாதி ஒன்பது வயதில், தென்காசியில், ஒரு ஸ்க்ரூடிரைவர் மூலமாக என்னைத் தொற்றியது.

அந்த வயதில் எங்கள் வீட்டின் மின்னணு இலாகா என் கையில் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அப்பாவின் டிரான்சிஸ்டரைப் பிரித்துத் திரும்பப் பூட்டியதில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் வந்தது. ரேடியோ முன்போலவே பாடியது. ஜப்பான்காரன் தேவைக்கு மேல் இரண்டு ஸ்க்ரூ போட்டுவிட்டான் என்று முடிவு செய்தேன். அப்பாவின் ஆபீஸ் கால்குலேட்டரில் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிவிட்டு, சமக்குறியை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தால் எண் ஒவ்வொன்றாக ஏறும். யார் முதலில் ஆயிரத்தைத் தொடுவது என்று தெருப்பையன்களுக்குப் போட்டி வைத்தேன். எங்கள் தெருவின் முதல் எலெக்ட்ரானிக் விளையாட்டு அதுதான். இரண்டே நாளில் சமக்குறி உள்ளே போனது, வெளியே வரவில்லை. அதற்கு அப்பா என் முதுகில் தட்டியது எத்தனை முறை என்பதை மட்டும் கால்குலேட்டர் இல்லாமலே எண்ணினேன்.

அந்த வருஷம் மாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர் பண்பொழியில் பெண் எடுத்தார். அவர் கொண்டுவந்த பெட்டியிலிருந்து டேப் ரெக்கார்டர், டார்ச் லைட், செண்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது நான் பெட்டிக்குள்ளேயே பாதி இருந்தேன். கடைசியாக வந்தது ஒரு டிஜிட்டல் வாட்ச். முள் கிடையாது, சாவி கிடையாது, ஓரத்தில் மூன்று பொத்தான். அது எனக்குத்தான் என்று ஒரு கால் நிமிஷம் நம்பினேன். சித்திக்கு.

சித்திரை முடிவதற்குள் சித்தப்பா திரும்ப விமானம் ஏறிவிட்டார். மறுநாளிலிருந்து ஒரு விசித்திரம். அதுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் ஒன்றரை மணி நேரம் பின்னால் போய்விட்டது. சித்தி அதையேதான் கட்டிக்கொண்டு திரிந்தாள். மணி என்ன என்று யாராவது கேட்டால் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவாள். ஆனால் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு தரம் வாட்சைப் பார்த்துக்கொள்வாள். ஜப்பான்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் அப்பா. புருஷன் போன ஏக்கம் வாட்சுக்கும் வந்துவிட்டது என்று அம்மா கேலி செய்தாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு, அது ஓடுகிறபடி ஓடட்டும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பாவம், படிப்பு பத்தாது, பொத்தான் அமுக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். மெதுவாக ஓடுகிற வாட்ச் நாளுக்கு நாள் இன்னும் பின்தங்கத்தானே செய்யும், இது எப்படி அச்சாக ஒன்றரை மணியிலேயே நிற்கிறது என்ற கேள்வி என் விஞ்ஞான மூளைக்கு உதிக்கவில்லை.

இதற்கு நடுவே சித்தப்பாவிடமிருந்து ஒரு தடவை போன் வந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டுக்கு மொத்தக் குடும்பமும் ஓடியது. அப்பா பேசினார், அம்மா பேசினாள், அத்தை பேசினாள், நானும் பிடுங்கி, கால்குலேட்டர் ஒன்று வேண்டும் என்று சொன்னேன். சித்தியின் கைக்குப் போன் போனபோது அவள் சொன்னது ஒரு ஹலோ. அதோடு லைன் போய்விட்டது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். டாக்டர் வீட்டம்மாதான் மெல்ல வாங்கி வைத்தார்கள்.

அதனால் அடுத்த முறை சித்தப்பா யோசித்துச் செய்தார். அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அங்கே கூப்பிடுகிறேன், தனியாக வா என்று சித்திக்கு மட்டும் எழுதியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கிறது, சாரல் தொடங்கிவிட்டது, சித்தி என்னை அருவிக்குக் குளிக்கக் கூட்டிப்போகிறாள் என்பது மட்டும். தனியாக என்றாலும் கூட ஒரு ஆண்துணை வேண்டுமே. அந்த ஆண் நான்.

இவ்வளவு நல்ல சித்திக்குப் பதிலுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போனபோது வாட்ச் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. ரேடியோவில் செய்திக்கு முன்னால் பீப் பீப் என்று சத்தம் வருமே, அந்தக் கடைசி பீப்பில் பொத்தானை விட்டேன். வினாடி சுத்தம். யாரிடமும் சொல்லவில்லை. சித்தியே கண்டுபிடித்து வியக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் வானம் மூடிக் கிடந்தது. வெயிலைப் பார்த்து நேரம் சொல்ல வழியில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் சித்தி அன்று வாட்சைப் பார்த்தாள், மூன்று மணி. எழுந்து என்னைக் கிளப்பினாள். டவுன் பஸ்ஸில் போகும்போது அவள் உதடு தன்னால் அசைந்துகொண்டிருந்தது. எந்தப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறாள் என்று பார்த்தேன். எதிர் சீட்டில் யாரோ மீன்கூடை வைத்திருந்தார்கள். சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள்.

லாட்ஜ் பெரிய அருவிக்குப் பக்கத்தில்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்ட தொந்திகளும் ஈரத்துண்டுகளுமாக ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே இருந்த பெஞ்சியில் எங்களை மேனேஜர் உட்காரவைத்தார். எதிரே மேசைமேல் கறுப்பு போன். யாரும் சும்மா பேசிவிடாதபடி டயலில் சின்னப் பூட்டு போட்டிருந்தது. பூட்டு இருந்தாலும் ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டித்தட்டியே எண் போடலாம் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மேனேஜரிடம் அதைச் சொன்னேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

நாலு மணி ஆனது. போன் அடித்தது. சித்தி பாதி எழுந்துவிட்டாள். மதுரையிலிருந்து யாரோ ரூம் கேட்டார்கள். மறுபடி அடித்தது, மறுபடி பாதி எழுந்தாள், மறுபடி ரூம். நாலேகால், நாலரை. எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார் மேனேஜர். சித்தி ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். கல்ப் லைன் இப்படித்தான், கிடைத்தால் கிடைக்கும் என்று அவர் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். நாலேமுக்காலுக்குச் சித்தி எழுந்தாள்.

"வாலே, அருவிக்குப் போவோம். நனையாமப் போய் நின்னா உங்க அம்மா என்ன நினைப்பா?"

பெண்கள் பக்கம் போகிற வயதை நான் தாண்டிவிட்டதாக நானே தீர்மானித்து, ஆண்கள் பக்கம் போய் ஒரு தடியான மாமாவின் இடுப்புக்குக் கீழே இடம்பிடித்து நனைந்தேன். நடுநடுவே எட்டிப் பார்த்தால், சித்தி அருவிக்கு நேர் கீழே போகாமல் ஓரத்தில், திவலை மட்டும் தெறிக்கிற இடத்தில் நின்றிருந்தாள். வாட்சைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் புகாது என்று அதன் முதுகில் எழுதியிருந்தாலும், கம்பெனிக்காரன் குற்றாலத்தை மனதில் வைத்தா எழுதியிருப்பான்? எனக்கு அதே கவலை.

துணி மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில், லாட்ஜ் படியிலேயே மேனேஜர் நின்றிருந்தார்.

"எங்க போனீய மதினி? இப்பந்தான் வந்துது, அஞ்சரைக்கு. குளிக்கப் போயிருக்காவன்னேன். ஆள அனுப்பிக் கூப்பிடட்டுமான்னா, வரதுக்குள்ள லைன் போயிரும், வேண்டாம்னுட்டான். சாரல் விழுதாலேன்னு கேட்டான். அருவிச் சத்தம் அங்கன கேக்குமான்னான். போனத் தூக்கிட்டுப் போயி சன்னலுக்கு வெளிய நீட்டிப் பிடிச்சேன். எடுக்கவே விடல மதினி. லைன் போற வரைக்கும் அதையே கேட்டுக்கிட்டு இருந்தான்."

சித்திக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அஞ்சரையா, அஞ்சரையா என்று இரண்டு தரம் கேட்டாள். உள்ளே போய்ப் பெஞ்சிக்கு மேலே இருந்த சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு நேரமும் அது அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆறுக்குப் பத்து நிமிஷம். பிறகு கையைப் பார்த்தாள். அங்கேயும் ஆறுக்குப் பத்து நிமிஷம்.

காலையிலிருந்து நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது.

"பாத்தியா சித்தி, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. நான்தான் சரிபண்ணுனேன்."

மேனேஜர் சிரிக்கத் தொடங்கி, சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். சித்தி பெஞ்சியில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. என் தலை ஈரத்தை முந்தானையால் துவட்டிக்கொண்டே, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"அது ஸ்லோவா ஓடலலே. அது உங்க சித்தப்பா ஊரு நேரம், போறப்ப அவியளே வச்சுக் குடுத்தது."

நான் விடவில்லை. நேரம் எப்படி இரண்டு இருக்கும், இங்கே ஆறு மணி என்றால் எல்லா இடத்திலும் ஆறு மணிதானே என்று வாதாடினேன். விஞ்ஞானத்தில் அவளுக்குப் பாடம் எடுக்கவும் துணிந்தேன். கடிதத்தில் அவர் எழுதிய நாலு மணி அந்த ஊர் நாலு மணி, இங்கே அஞ்சரை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இப்போது எழுந்திருப்பார், இப்போது ஷிப்டுக்குப் போவார், இப்போது சாப்பிடுவார் என்று பார்த்துக்கொள்வதற்காக அந்த வாட்ச் என்பதைக் கல்யாணமாகி நாலு மாதமான ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்லுவாள்? சொன்னால் அடுத்த தீபாவளி வரை அம்மாவும் அத்தையும் அவளை விட்டிருக்க மாட்டார்கள்.

"பழையபடி வைக்கத் தெரியுமா ஒனக்கு?"

அன்று முழுவதும் எனக்கு உண்மையிலேயே வலித்தது அந்தக் கேள்விதான். சரியாக ஓடுகிற ஒரு கருவியைத் தப்பாக்கச் சொல்கிறாள், அதையும் என்னைக்கொண்டே. மூன்று பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கி நாலு இருபது வைத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் சரிபார்த்துக் கட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் எனக்கு ஒரே பயம், அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று. வீட்டில் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று அவளே சொன்னதும் நிம்மதியாகி, என் வழக்கமான நிலைக்கு வந்தேன். அந்தக் கறுப்பு போனின் லட்சணத்துக்கு அருவிச் சத்தமெல்லாம் அருவி மாதிரிக் கேட்காது, கொரகொரவென்று வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்கும், சித்தப்பா காசை வீணாக்கிவிட்டார் என்று என் நிபுணத்துவத்தை அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாட்ச் கட்டிய கையை மடியில், வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். பசி போலும் என்று என் காராச்சேவுப் பொட்டலத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிச் சிரித்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது. அருவியில் நனைந்தால் எல்லோருக்கும் சிவக்கும்.

மனப்பாடம் பண்ணிய செய்தி பிறகு நீலக் காகிதத்தில் தபாலில் போனது. மஸ்கட்டிலிருந்து பதில் வந்தபோது சித்தப்பாவின் கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தது. மார்கழியில் வீட்டுக்கு ஒரு சின்னப் பயல் வந்து சேர்ந்தான். இன்று என் அபிப்பிராயங்களை மூன்றாவது கோளாறுக்கு அப்பாலும் உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள் அவன்தான்.

உலகத்தில் எத்தனை நேரம் உண்டு என்பதும், குரல் எப்படிக் கடல் தாண்டிப் போகிறது என்பதும் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், யாரும் கேட்காமலே விளக்குவேன். அன்று பஸ்ஸில் காராச்சேவு தின்றுகொண்டு, இரண்டு நிமிஷம் வெறும் இரைச்சலைக் கேட்ட மனிதரை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அஞ்சரை மணிக்கு அந்த இரைச்சலின் ஓரத்தில்தான் சித்தி நின்றிருந்தாள் என்பதும், அவள் ஒருத்தியாக நிற்கவில்லை என்பதும் எனக்கு எட்டவில்லை.