வேன் அக்கா வந்தாச்சு

"இறங்கிட்டா. கேட்டுக்குள்ள போயிட்டா. உங்க மாமியார் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. தண்ணி பாட்டில் பைக்குள்ளதான் இருக்கு. போனை வச்சிடறேன்."

வேன் இன்னும் நகர்ந்திருக்காது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, குழந்தை வீட்டுக்குள் போய்க் கதவு சாத்தும் வரை பார்த்துவிட்டுத்தான் கியரைத் தொடுவாள். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரனை அலறவிட்டால், ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி ஐந்து விரலையும் குவித்துக் காட்டுவாள். பொறு என்று அர்த்தம். அந்தக் கைக்குப் பணியாத லாரி அந்த ஊரில் கிடையாது.

எல்லோருக்கும் அவள் வேன் அக்கா. குழந்தைகளுக்கும் அக்கா, அவர்களைப் பெற்றவர்களுக்கும் அக்கா, அவளைவிட மூத்த தலைமையாசிரியருக்கும் அக்கா. ஐம்பதைத் தாண்டியவள், குள்ளம். சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பாள். வேனின் பக்கவாட்டுக் கதவு அவளுக்கு மட்டுமே அடங்கும். தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்து, அப்புறம் இழுக்க வேண்டும். மெக்கானிக் ஒருமுறை சரிசெய்து தருகிறேன் என்றதற்கு, "வேண்டாம்பா, புள்ளைங்க நடுவழில திறக்காம இருக்குல்ல" என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளுக்கு அவளே பெயர் வைப்பாள். ஒல்லியாக இருப்பவள் வெண்டைக்காய். ஓயாமல் பேசுகிறவன் ரேடியோ. எல்லோரிலும் சின்னவன் சுண்டெலி. ஏறியதும் தூங்கிவிடுவான்.

அவளிடம் ஒரு விசித்திரம் உண்டு. எங்கே இருக்கிறாள் என்பதை எந்நேரமும் யாருக்காவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கணவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் வரும். "கிளம்பிட்டேங்க." "பாலம் தாண்டிட்டேங்க." "காய்கறி வாங்கிட்டிருக்கேங்க." ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "இப்ப வாயைத் திறக்கப் போறேங்க" என்றாள். "திறம்மா. அதையும் சொல்லிட்டுத்தான் திறக்கணுமா? நான் என்ன கண்ட்ரோல் ரூமா?" என்றார் அவர். ஆனால் எந்தப் போனையும் அவர் எடுக்காமல் விட்டதில்லை. காரணம் தெரிந்தவர்.

ஊருக்கே தெரியும். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இந்துக்கள், அந்தப் பக்கம் முஸ்லிம்கள். நடுவில் ஒரு பாலம். இரண்டு பக்கமும் அடித்துக்கொண்ட கதையைக் கேட்டால், சொல்கிறவருக்குத் தோதான இடத்தில்தான் அது தொடங்கும். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்த கல்லிலிருந்து தொடங்குவார்கள். அந்தப் பக்கத்தார் அதற்கு முந்திய கல்லிலிருந்து. தாத்தா காலத்தில், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று ஒரு கலவரம். அப்பா காலத்தில் ஒரு சுற்றுச்சுவருக்காக ஒரு கலவரம். அதற்கு அடுத்தது அவளுக்காக.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரி அந்தப் பக்கத்துப் பெண், வாட்ச் ரிப்பேர் செய்கிறவரின் மகள். இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். தோழியின் அக்காவுக்கு அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம். குழந்தையைப் பார்க்க இருவரும் பஸ் ஏறினார்கள். ஏறும்போது நிறுத்தத்தில் நின்ற அண்டை வீட்டுக்காரியிடம், "நேரமாயிட்டா அங்கேயே தங்கிடுவேன், வீட்ல சொல்லிடுங்க" என்றாள். அந்த அம்மாளுக்கு அன்று மகனுக்குக் காய்ச்சல். மறந்துவிட்டாள்.

இருட்டியதும் "பொண்ணைக் காணோம்" என்று வீட்டில் தொடங்கிய பேச்சு, தெருமுனைக்குப் போவதற்குள் "அந்தப் பக்கம் போனவளைக் காணோம்" என்றானது. பாலத்தை எட்டுவதற்குள் "தூக்கிட்டுப் போயிட்டாங்க" ஆகிவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கையில் பிஸ்கட் பாக்கெட். புதுக் குழந்தையின் மூக்கு யார் மாதிரி என்று தோழியோடு வாதாடிக்கொண்டே இறங்கினாள். பாலத்தின் இரு பக்கமும் கடைகள் புகைந்துகொண்டிருந்தன. அவளைத் தேடிப் போன சித்தப்பாவைத் தலை பிளந்து தூக்கி வந்திருந்தார்கள். தோழியின் அப்பாவுடைய வலது கையை முறித்துப்போட்டிருந்தார்கள். அந்தக் கை அதற்குப் பிறகு ஒரு கைக்கடிகாரத்தைக்கூடத் திறக்கவில்லை. சித்தப்பா அன்று சாயங்காலமே போய்விட்டார்.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

தோழிகள் இருவரும் பல வருடம் கடைத்தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கல்யாணமாகி, அவள் பழைய வேன் ஒன்றை வாங்கி ஸ்கூலுக்கு ஓட்டத் தொடங்கிய முதல் வாரம், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. பிறகு ஒரு காலையில் தோழி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏத்திக்கோ" என்றாள். அந்த மகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவள் பெற்ற பிள்ளைதான் இப்போதைய சுண்டெலி.

நடுவில் ஒருமுறை ஊரில் முறைப்பு வந்தபோது, இரண்டு பக்கமும் ஆள் அனுப்பி, பிள்ளைகளைத் தனித்தனி டிரிப்பாக ஏற்றச் சொன்னார்கள். "டீசல் நீங்க ஊத்துவீங்களா? ஒரே வண்டி, ஒரே டிரிப். பிடிச்சா அனுப்புங்க, இல்லாட்டி நடத்திக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஒருவரும் நடத்திக் கூட்டிப் போகவில்லை.

போன மாதம் நடந்ததைத்தான் சொல்ல வந்தது.

சாயங்காலம் பள்ளி விட்டுத் திரும்பும்போது பெரிய ரோட்டில் டேங்கர் லாரி கவிழ்ந்து கிடந்தது. போலீஸ்காரர் எல்லா வண்டியையும் கல் குவாரிப் பாதைக்குத் திருப்பிவிட்டார். அந்தப் பாதையில் பள்ளத்துக்கு நடுவில்தான் ரோடு. பாதி தூரத்தில் டயர் வெடித்தது. போனை எடுத்தாள், சிக்னல் இல்லை. பாறைமேல் ஏறி நின்று கையை உயர்த்திப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

பிள்ளைகளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஜாக்கியைப் போட்டாள். டயர் மாற்றுவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று நட்டு இரண்டு முறை கைநழுவிப் புழுதியில் விழுந்தது. "இப்ப நாம எங்க இருக்கோம்னு யாருக்குமே தெரியாதே" என்று அவளை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

வெண்டைக்காய் அவளைப் பார்த்து, "நமக்குத் தெரியுமே, அக்கா" என்றாள்.

குவாரிப் பாதை கால்வாய்க்கரையில் வந்து ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் இந்த முனையில் ஒரு கூட்டம், அந்த முனையில் ஒரு கூட்டம். நடுவில் இரண்டே போலீஸ்காரர்கள். இந்தப் பக்கத்தார் எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஏதோ விபத்து என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் கைகளில் இருந்தவற்றைப் பார்த்தாள்.

ஹாரனை அடித்தாள். திரும்பிப் பார்த்தவர்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையிலிருந்து ஓடி வந்தவன் அவளுடைய தம்பி. சிமெண்ட் கடை வைத்திருக்கிறான். அவன் மகளும் வேனில்தான் இருந்தாள்.

"அக்கா! எங்கக்கா போன? வண்டியை அவனுங்க மறிச்சு உள்ள கொண்டு போயிட்டானுங்கன்னு..."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"அங்க நிக்கறவங்க என்ன சொல்றாங்க?"

தம்பி தயங்கினான். "நாமதான் மறிச்சோம்னு."

அவள் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். பிறகு எஞ்சினை உறுமவிட்டாள். தம்பி முன்னால் வந்து பானெட்டில் கையை ஊன்றினான். "நம்ம பசங்களை மட்டும் இங்க இறக்கு. மத்ததுங்க உள்ளயே இருக்கட்டும். முதல்ல அவனுங்க கல்லைக் கீழ போடட்டும், அப்புறம் பாக்கலாம்."

"ஏண்டா, உள்ள இருக்கறது என்ன சாமான் செட்டா? நகரு."

"சித்தப்பாவை மறந்துட்டியா?"

அவள் தலையை வெளியே நீட்டி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "மறந்திருந்தா நீ சொன்னபடி செஞ்சிருப்பேன். நகருடா தம்பி."

அவன் நகரவில்லை. சித்தப்பாவைத் தூக்கி வந்தபோது அவனுக்குப் பத்து வயது. வாசலில் நின்று பார்த்தவன். அந்தக் கண்ணோடுதான் இன்றும் நின்றான். அதற்குள் பின்சீட்டு ஜன்னலிலிருந்து அவன் மகள் தலையை நீட்டி, "அப்பா, பசிக்குது. ரேடியோ என் மேல வாந்தி எடுத்துட்டான்" என்றாள்.

அவன் கை பானெட்டிலிருந்து தானாக இறங்கியது.

வேனை நேரே பாலத்தின் நடுவுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் குறுக்கே நிறுத்தினாள். இரண்டு பக்கத்துக்கும் ஜன்னல்கள் தெரிந்தன. உள்ளே லைட்டைப் போட்டாள். "அக்கா, எல்லாரும் ஏன் வந்திருக்காங்க?" என்றான் ரேடியோ.

"உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான். யாரும் எழுந்திரிக்கக் கூடாது. கூப்பிடறவங்க மட்டும்தான் இறங்கணும்."

இறங்கிப் போய்க் கதவைத் தூக்கி, இடித்து, இழுத்தாள். படியில் ஏறி நின்றாள். அப்போதும் ஆள் உயரம்தான் இருந்தாள். ஆனால் குரல் இரண்டு கரைக்கும் கேட்டது.

"குவாரி ரோட்ல டயர் வெடிச்சிடுச்சு! யாரும் மறிக்கல, ஒண்ணும் ஆகல! வெல்டிங் பட்டறைக்காரரே, உங்க பொண்ணு இதோ இருக்கா, சாக்ஸ் மட்டும்தான் ஈரம்! டெய்லரம்மா, உங்க பையன் வாந்தி எடுத்தான், இப்ப நல்லாயிருக்கான், பக்கத்துல இருந்தவதான் பாவம்! வெண்டைக்காய்க்கு முட்டில சிராய்ப்பு, பாறைல ஏறாதன்னு சொன்னேன், ஏறினா! வந்து கூட்டிட்டுப் போங்க, ஒவ்வொருத்தரா!"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அழுகை கலந்த சிரிப்பு அது. போன உயிர் திரும்பி வருகிறபோது வருகிற சிரிப்பு. முதலில் தாய்மார்கள் ஓடி வந்தார்கள். இரண்டு முனையிலிருந்தும் வந்து ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள். எந்தப் பிள்ளை இறங்கினாலும் முதலில் கைக்கு எட்டியவள் வாங்கி, அப்புறம் உரியவளிடம் கொடுத்தாள். அந்தப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் ஓர் இரும்புக் குழாயோடு வந்து நின்றார். மகள் அதைப் பார்த்து, "வாப்பா, இது எதுக்கு?" என்றாள்.

அவர் குழாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "பட்டறைலேந்து அப்படியே வந்துட்டேன்மா" என்றார். குழாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளைத் தூக்கினார். வேன் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். தம்பி தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வாந்தியையும் பொருட்படுத்தாமல், அந்தக் குழாய்க்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

கூட்டம் கரைந்தது. போலீஸ்காரர்களில் ஒருவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "அக்கா, நீங்க வரலைன்னா..." என்று தொடங்கினார். "வந்துட்டேன்ல" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து சுண்டெலியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை அமளியிலும் அவன் விழிக்கவே இல்லை. அவளுடைய துப்பட்டாவின் முனையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

தோழிக்கு முட்டிவலி. மகள் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அதனால் எல்லோரும் போன பிறகுதான் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க, வேனுக்கு முன்னால் நின்று இவளையே பார்த்தாள்.

"தேடிப் பாத்தியா?" என்றாள் வேன் அக்கா.

"இல்ல. யார் யாரோ என்னென்னமோ சொன்னாங்க. நான் நம்பல. உன்கூடத்தானே போயிருக்கான்னு வீட்லயே உக்காந்திருந்தேன்." தோழி முட்டியைத் தடவிக்கொண்டாள். "பொய் சொல்றேன். உக்கார முடியல. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே கண்ணும் நிறைந்தது. தோழி பேரனை வாங்கக் கையை நீட்டினாள். பிள்ளையைத் தூக்கியபோது துப்பட்டாவும் கூடவே இழுபட்டது. விரல்களைப் பிரித்தால் விழித்துக்கொள்வான். வேன் அக்கா துப்பட்டாவைத் தன் தோளிலிருந்து மெல்ல உருவினாள். அதை அவன் முதுகைச் சுற்றிப் போர்த்தி, அப்படியே தோழியின் தோளில் சாய்த்தாள்.