மலையைத் திருப்பிப் போட்ட சித்தி

இந்தப் பூமியில் ஒரு மலைத்தொடரையே ஒற்றை ஆளாகத் திருப்பிப் போட்டது சித்தி மட்டும்தான். நிலநடுக்கமெல்லாம் அவளிடம் டியூஷனுக்கு வர வேண்டும்.

சம்பளம் என்னவோ கல் தேய்ப்பதற்குத்தான். கல்லூரியின் பின்கட்டில், தண்ணீர் சொட்டும் ரம்பத்தில் பாறையை அறுத்து, அந்தச் சில்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை போய்விட்டது. வாசலில் இருக்கும் ரேகை இயந்திரம் அவளை ஆளாகவே மதிப்பதில்லை.

அவளிடம் வருவதெல்லாம் பழைய மலையின் அடிவயிற்றுப் பாறைகள். எப்போதோ பூமிக்கடியில், கடும் சூட்டில், மலையின் இரண்டு பக்கங்கள் உரசிக்கொண்டே எதிரெதிராக நகர்ந்தன. நடுவில் மாட்டிய பாறை உடையவில்லை; பிசைந்த மாவு மாதிரி இழுபட்டது. வளைந்து கொடுக்காத கெட்டித் தாது மணிகள் மட்டும் கண் வடிவத்தில் நின்றுவிட்டன, இரண்டு பக்கமும் வால் முளைத்து. வால் போகும் போக்கைப் பார்த்தால் மலையின் எந்தப் பக்கம் எங்கே நகர்ந்தது என்று தெரிந்துவிடும். சில்லைத் திருப்பி ஒட்டினாலோ இடம் வலமாகிவிடும். அதனால் பாறையில் வரைந்திருக்கும் அம்புக்குறியைப் பார்த்து, சில்லின் ஓரத்தில் ஒரு கீறல் போட்ட பிறகுதான் சித்தி பசையைத் தொடுவாள்.

அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. இருட்டில் சில்லு புரண்டது, கீறல் தப்பான பக்கம் விழுந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்?

அந்தக் கல்லைக் கொடுத்த ஆராய்ச்சி மாணவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு இடிந்துபோய் வந்தாள்.

"அக்கா, மத்த கல்லெல்லாம் ஒண்ணு சொல்லுது, இது மட்டும் நேர்மாறா சொல்லுது. இத்தனை வருஷமா நான் எழுதினதெல்லாம் குப்பையா?"

அவள் போனதும் சித்தி, சில்லு அறுத்தது போக மிச்சமிருந்த கல்லைத் தேடி எடுத்து, சில்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வால்கள் எதிரும் புதிருமாக நின்றன. அவளை நிரந்தரமாக்கலாமா என்று துறைத் தலைவர் அந்த வாரம்தான் முடிவு செய்யவிருந்தார். மிச்சக் கல்லைக் குப்பையில் போட்டால் போதும், பழி மலை மேல் விழும். மலை வாய் திறக்கப் போவதில்லை.

கல்லைக் கொண்டுபோய் மாணவியின் மேசையில் வைத்தாள்.

"உன் மலை ஒழுங்காத்தான் போயிருக்கு. நான்தான் திருப்பி ஒட்டிட்டேன்."

"அடப்பாவி அக்கா! சோறு தண்ணி இல்லாம கிடந்தேனே!"

திட்டிக்கொண்டே அடுத்த கல்லையும் சித்தியிடமே நீட்டினாள். விஷயம் காதுக்கு எட்டிய தலைவர் எதையும் நீட்டவில்லை. நிரந்தரம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

நான் எழுதியதை இதுவரை படித்த சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏண்டி வாலு, கரண்ட் எப்ப போச்சு?"

"போகலையா?"

"லைட்டு பளிச்சுனு எரிஞ்சுது. வாய் பேசிக்கிட்டே திருப்பி வெச்சது நான்."

"சரி, அந்த வரிய அடிச்சிடறேன். உனக்குத்தான் கெட்ட பேரு."

"அடிக்காத. அது அங்கயே கிடக்கட்டும். கீழ, அது பொய்னு எழுது."