திரையில் இல்லாத நிலைப்படி

புவனேந்திரன் செங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்புவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த ஒரு திறமையை நம்பித்தான் மனிதர் சொந்த வீட்டுக்குத் தானே பிளான் போடக் கிளம்பினார்.

இனிப்புநீர் வியாதி முற்றிப்போய், அவர் மனைவி சுசீலாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குடியிருந்தது நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீடு ஒன்றில். கக்கூஸ் போக வேண்டுமானால் பின்னால் மூன்று படி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாராவது அவளைத் தூக்கியாக வேண்டும். அவர் வேலைக்குப் போய்விட்டால் அக்கம்பக்கத்து ஆண்கள். அந்தக் கூச்சத்தில் அவள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள். அவள் அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தில் வீடு கட்டலாம் என்று பேச்சு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“யாரும் தூக்காம நானே உள்ள போவணும், நானே வெளிய வரணும். அது போதும்.”

டவுனில் பார்த்த ஆர்க்கிடெக்ட் தயாராக வைத்திருந்த மூன்று பிளான்களை நீட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார். மூன்றிலும் பாத்ரூமுக்குள் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. என் பெண்டாட்டி எப்படித் திரும்புவாள் என்று எனக்கல்லவா தெரியும் என்று முறுக்கிக்கொண்டு வந்தவர், கம்ப்யூட்டரில் வீடு வரைகிற சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினார். நாற்காலியை அளந்து திரையில் ஒரு பெட்டியாகப் போட்டார். அந்தப் பெட்டியை ஒவ்வொரு கதவிலும் நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். இடித்தால் சுவரைத் தள்ளி வைத்தார். நான்கு மாதம் வேறு நினைப்பே இல்லை. கடைசியில் பெட்டி வாசல் வழியாக நுழைந்து, சமையலறையைச் சுற்றி, பாத்ரூம் போய், எதிலும் படாமல் வெளியே வந்தது. சுசீலா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னாள். கால் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் படத்தையே முறைப்படி வரைந்து கையெழுத்துப் போட ஒருவரைப் பிடித்து, அனுமதி வாங்கிச் சுவர் எழுப்பினார். நிலை வைக்க நாள் பார்த்தார்கள். சேற்றில் நாற்காலி உருளாது என்பதால் சுசீலா வரவில்லை. புவனேந்திரனின் அக்கா காளியம்மா முன்னின்று நடத்தினாள். நான்கு பக்கமும் சட்டம் போட்ட மெர்பாவ் மரத்து நிலை. அதன் கீழ்ச்சட்டம் தரைக்கு மேல் நான்கு அங்குலம் எழும்பி நின்றது. நம் வீடுகளில் நிலைப்படி அப்படித்தானே நிற்கும்? அடியில் நவதானியம் போட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள்.

சாஃப்ட்வேரில் இருந்த கதவுக்கு நிலைப்படி கிடையாது. அதைச் செய்தவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நம்மவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஐம்பது வருடமாகப் படி தாண்டிப் பழகிய கால்கள் தாமாகவே தூக்கி வைத்துக்கொண்டன. வேலை முடியும் வரை தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தார், ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

குடிபுகும் நாளன்று சுசீலா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சரிவுப் பாதையில் தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். முன்சக்கரம் நிலைப்படியில் முட்டி நின்றது. குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மனிதர் அந்த இடத்திலேயே செத்துப் பிழைத்தார்.

ரம்பம் எடுக்க ஓடியவரைக் காளியம்மா மறித்தாள். “பூசை வச்ச நிலைப்படிலா தம்பி. அதுல ரம்பம் வச்சா குடும்பத் தலைவனுக்கு ஆவாது.”

அதைக் கேட்டதும் சுசீலா நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். தூக்குங்கள் என்றாள். இரண்டு பேர் தூக்கினார்கள். புது வீட்டுக்குள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். அன்றைக்கே அவர் கையைத் தன் தலையில் வைத்து, நிலைப்படியில் கை வைக்க மாட்டேன் என்று அவரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அவரும் முட்டி மோதிப் பார்த்தார். உள்பக்கம் சரிவாகப் பலகை வைத்தால் கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கம் மட்டும் வைத்தபோது நாற்காலி உள்ளே குப்புறக் கவிழ்ந்து அவள் உதடு கிழிந்தது. பின்கதவை ஒட்டிக் கால்வாய் ஓடியதால் அங்கே சரிவு போட இடமில்லை. திரையில் அந்தப் பெட்டியை எத்தனை தடவை ஓட்டினாலும் அது மட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதைப் பார்த்து அவர் வாய்விட்டு அழுதார். சுசீலா மறுபடியும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிறதே, ஏன் என்று கேட்டால் வாசல் பக்கம் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார். நிலைப்படிக்கு உள்ளே சுசீலா தரையில் உட்கார்ந்து அவருடைய ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மெர்பாவ் லேசில் இறங்குகிற மரமா? காலையிலிருந்து அறுத்தது ஒரு விரற்கடை. அவள் மடியில் மரத்தூளோடு குங்குமமும் உதிர்ந்து கிடந்தது.

“நீங்க தொடாதீங்க,” என்றாள். “நான் அறுக்கிறேன். வர்றது என் மேல வரட்டும்.”

அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. நிலைப்படி அவர் உயிருக்கு, சத்தியம் அவள் உயிருக்கு. தோளில் இருந்த சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்துவிட்டு, படிக்கு வெளியே அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். துண்டைச் சுற்றி ரம்பத்தின் நுனியைப் பிடித்தார்.

“வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். இழு.”

அவள் இழுத்தாள்.