கையால் ஓடும் கார்

டீச்சர் வந்த அன்று

பைபாஸ் ரோட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குப் பழுதான வண்டிகள்தான் வரும். ஈஸ்வரி டீச்சரின் கார் மட்டும் நல்ல ஓட்டத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அவருடைய தம்பி முருகேசன். டீச்சருக்குச் சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் செயல்படாமல் போயிருந்தன. வீடு கோச்சடையில், வேலை டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில்.

"அண்ணே, இது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கிளட்ச் கெடையாது. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கைக்கு வந்துட்டா நானே ஓட்டிருவேன். செஞ்சு தருவீங்களா?" என்றார் டீச்சர்.

முருகேசன் குறுக்கிட்டார். "முடியாதுன்னு சொல்லிருங்கண்ணே. கல்லுப்பட்டி ரோட்டுல லாரிக்காரன் வார வேகத்துக்கு அக்கா எப்படி ஓட்டும்?"

டீச்சர் தம்பியைப் பார்த்தார். "தெனமும் நீதான் எறக்கி விடுற, நீதான் வந்து கூட்டிட்டுப் போற. ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல. ஆனா உனக்கு வேல முடியிற வரைக்கும் நான் பூட்டுன ஸ்கூல் கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கேன். பாத்ரூம் போக வழியில்லன்னு மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல. இம்புட்டு வருசமா."

முருகேசனுக்கு இது அதுவரை தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. என் பக்கம் திரும்பி, "செஞ்சு குடுங்கண்ணே" என்றார்.

பழைய வழிதான்

கையால் கார் ஓட்டுவது புது விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் தொழில் பழகிய இடத்தில் ஒரு மில் முதலாளியின் அரதப்பழசான கார் நின்றது. அதில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன லீவர். அதை இழுத்தால் என்ஜின் வேகம் ஏறும். மோட்டார் வந்த புதிதில் பல கார்களில் அப்படித்தான் இருந்தது. ஆக்சிலேட்டர் காலுக்குப் போனது பிறகுதான். அந்த லீவரை நினைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினேன்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரே லீவர்; தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். லீவரைப் பிரேக்கோடு இணைக்கும் ராடு வளையக் கூடாது என்பதில்தான் என் கவலை எல்லாம். கனமான இரும்பில் செய்து, என் முழு பலத்தையும் போட்டுத் தள்ளிப் பார்த்த பிறகே வண்டியில் மாட்டினேன்.

ஆனையூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் டீச்சர் பழகினார். முதல் நாள் வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. அவருக்கு உள்ளங்கை கன்றிவிட்டது. "போதும் டீச்சர், நாளைக்குப் பாப்போம்" என்றேன். "இன்னொரு சுத்துண்ணே" என்றார். பொழுது சாய்ந்தபோது வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில்

வண்டியில் மாற்றம் செய்தால் அதிகாரி பார்த்து அனுமதி தரவேண்டும். இன்ஸ்பெக்டர் அடியில் குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு டீச்சருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி வேகமெடுத்தது. நானும் முருகேசனும் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தோம். திடீரென்று பிரேக் விழுந்தது. கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. மறுபடி ஓடவிட்டு மறுபடி நிறுத்தச் சொன்னார். அப்போதும் அப்படியே நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். "காலால ஓட்டுறவங்களே இவ்வளவு நிதானமா நிறுத்த மாட்டாங்க. தாராளமா ஓட்டுங்க டீச்சர்."

முருகேசன் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

ஒரு லீவு நாள்

சில மாதம் கழித்து, நின்றுபோன லாரி ஒன்றைப் பார்க்கக் கல்லுப்பட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கண்மாய்க் கரையோரம் டீச்சரின் கார் நின்றது. பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்ன டீச்சர், பிரேக்கா? லீவரா?"

கண்ணாடி இறங்கியது. "ஒண்ணுமில்லண்ணே. வண்டி நல்லா இருக்கு."

"அப்ப ஸ்கூலுக்கா?"

"இன்னிக்கு லீவு."

"எங்கதான் போறீங்க?"

"எங்கயும் இல்லண்ணே. சும்மா வந்தேன். யார்ட்டயும் சொல்லல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்தக் கஸ்டமரிடமும் பார்த்ததில்லை. ஆளையும் சரக்கையும் வேலைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் மோட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். யாரையும் கேட்காமல், காரணம் சொல்லாமல் ஒருவர் சும்மா புறப்பட்டுப் போவது எம்புட்டுப் பெரிய விஷயம் என்பதை அந்தக் கரையில்தான் கற்றுக்கொண்டேன்.