அறுபதாம் வாய்ப்பாடு

பதினாலு மாதம் என் அக்கா வலது பக்கத்தால் மட்டும் மென்றாள். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வாரம் தவறாமல் போனில் பேசினோம், முகம் பார்த்தே பேசினோம், அப்போதும் தெரியாது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் யார்மேல் எரிகிறது என்றுதான் தெரியவில்லை.

அக்கா வெளிநாட்டில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, சூடான உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு. கணவர் இறந்த வருடமே போனவள், இப்போது ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. போகும்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பிள்ளை குட்டி கிடையாது. அதனால் அவளுக்குச் செலவும் கிடையாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த நாட்டுக் காசு ஒன்றுக்கு நம் காசு அறுபது. போன முதல் மாதத்தில் பிடித்துக்கொண்டது அவளுக்கு இந்தப் பெருக்கல் பைத்தியம். ஒரு டீ இரண்டு காசு. இரண்டு அறுபது நூற்றிருபது. "நூத்திருபது ரூபாய்க்கு ஒரு டீயா, என் தலையில என்ன கொம்பா இருக்கு?" என்பாள். வேலைக்கு நடுவே கூட இருப்பவர்கள் டீ குடிக்கப் போனால், இவள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போவாள். முடி வெட்டுவது, செருப்புத் தைப்பது, கண்ணாடி மாற்றுவது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம். அங்கே இருக்கும் நம் ஆட்கள் அத்தனை பேரும் இப்படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது, உடம்பையே பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவருவார்கள்.

வீட்டில் இன்னொரு வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அது என் அண்ணனுடையது. எனக்கு அண்ணன், அவளுக்குத் தம்பி. இரு சக்கர வண்டி உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்கிறான். அக்காவின் சம்பளம் தொள்ளாயிரம் காசு. அதை அறுபதால் பெருக்கி, "மாசம் அம்பத்து நாலாயிரம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். ஆறு பேர் படுக்கும் அறையில் மேல் கட்டிலுக்கு மட்டும் இருநூற்றிருபது காசு வாடகை. அதை மட்டும் அவன் பெருக்க மாட்டான். சம்பளம் என்றால் அறுபதால் பெருக்குவான், செலவு என்றால் "வெறும் இருநூத்தி இருபதுதானே" என்பான். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ!

பல் வலி தொடங்கியதும் அவளோடு தங்கியிருந்த ஆயா வேலைக்காரி ஒருத்தி பிடித்து இழுக்காத குறையாக அவளைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். ஒரே பல், வேர் வரை சுத்தம் செய்து மூடி போட நூற்றைம்பது காசு. அக்கா அங்கேயே நின்று பெருக்கினாள். ஒன்பதாயிரம். ஊரில் அம்மாவுக்கு இதே வைத்தியத்தை அவள்தான் கூட்டிப் போய்ச் செய்தாள், மூவாயிரம் ரூபாய்தான் ஆனது. ஒன்பதாயிரம் எங்கே, மூவாயிரம் எங்கே? வலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

இங்கேதான் அவள் கணக்கு மோசம் போனது. மூவாயிரம் என்பது அவள் விமானம் ஏறுவதற்கு முந்தைய வருடத்து விலை. அங்கே விலை ஏறுவதை அவள் நாள்தோறும் பார்த்தாள். இங்கே ஏறியதை யார் சொன்னோம்? லீவில் வரும்போதும் காசை எங்களிடம் கொடுத்துவிடுவாள், பில்லைப் பார்ப்பது நாங்கள்தான். அவள் மனதுக்குள் நம் ஊர் அவள் விட்டுப்போன அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டது. நான் மளிகைக் கடையில் பில் போடுகிறவள். எண்ணெய் ஏறியதும் பருப்பு ஏறியதும் முதலில் என் விரலுக்குத்தான் தெரியும். போனில் அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. பணம் போதவில்லை என்று நானும் கேட்பதாக நினைத்துவிடுவாளோ என்று கூச்சம். நல்ல கூச்சம்!

அந்தப் பதினாலு மாதத்துக்குள்தான் அண்ணன் தன் முன்பல் மூன்றுக்கு மூடி போட்டுக்கொண்டான். நானூறு காசு, அக்கா அனுப்பியது. "கவுன்டர்ல நிக்கிறவன், சிரிச்சுப் பேசணும்ல" என்று அவளே எனக்குக் காரணமும் சொன்னாள். எனக்கு மூக்குக் கண்ணாடியும் அவள் காசில்தான். நானும் யோக்கியமில்லை.

இந்தத் தடவை லீவுக்கு வருவதற்கு முன் ரகசியமாக என்னிடம் ஒன்று சொன்னாள். "நான் திரும்பிப் போகலடி. ஒரேயடியா வந்துடறேன். வேலையை விடறேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டு வெச்சிட்டேன். லீவு முடியறதுக்குள்ள அனுப்பினா போதும்." ஒன்பது வருடத்தில் தனக்கென்று ஒதுக்கியது நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் ஆறாயிரம் என்று போட்டிருந்தாள். அஞ்சு வருடம் கவலையில்லை, அதற்குள் ஒரு இஸ்திரிக் கடை போட்டுவிடலாம் என்றாள். ஆறாயிரம் அறை வாடகைக்கே போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வந்து இறங்கினாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. விமானத்தில் சாய்ந்து தூங்கியதால் என்றாள். அண்ணி ஆசை ஆசையாகக் கறி சமைத்திருந்தார். அக்கா துண்டு துண்டாகப் பிய்த்து, வலது பக்கமாக ஒதுக்கி, பாதியை மெல்லாமலே விழுங்கினாள். எதிரே அண்ணன் எலும்பைக் கடித்துக்கொண்டு, மூன்று புதுப் பல்லும் தெரியச் சிரித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலையிலேயே அவளைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கு. பக்கத்துப் பல்லு ரெண்டும் சேர்ந்து போச்சு. மூணு பல்ல எடுத்தாகணும். எடுத்த இடத்துல நிலையா பல்லு வெக்கணும்னா ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும்."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு பல்லோட போயிருக்கும். வேர் சுத்தம் பண்ணி, மூடி போட, பத்தாயிரம்."

"பத்தாயிரமா? மூவாயிரம் ரூபாய்தானே டாக்டர்?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எந்த வருஷம்மா?"

அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அங்கே ஒன்பதாயிரம், இங்கே பத்தாயிரம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, "அறை வாடகை இப்ப எவ்ளோடி?" என்று கேட்டாள். சொன்னேன். "அரிசி?" சொன்னேன். எண்ணெய், கேஸ், பஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறாயிரம் பதினேழாயிரம் ஆனது. அஞ்சு வருடம் இரண்டு வருடத்துக்கும் கீழே வந்து நின்றது. பல்லைக் கட்டினால் அதிலும் ஏழு மாதம் போய்விடும். "இதெல்லாம் ஏண்டி முன்னாடியே சொல்லல?" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீக்கம் வடிய அஞ்சு நாள் மருந்து கொடுத்து, ஆறாம் நாள் மூன்று பல்லையும் எடுத்தார்கள். பஞ்சை இறுக்கக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள், கண் சுவர்க் கடிகாரத்தின்மேல் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என் அண்ணன் தேர்ந்தெடுத்தான்.

மாடி அறைக்கு வரைந்த பிளானைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தான்.

"அக்கா, இன்னும் ரெண்டே வருஷம். மாடி முடிஞ்சிடும். பல்லுக்கெல்லாம் கவலைப்படாத, அங்க கம்பெனியே பாத்துக்கும். பாக்கலன்னாலும் உனக்கு ரெண்டு மாச சம்பளம்தானே?"

"அவ என்ன சொல்றா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் சொல்லலம்மா. அப்ப சரின்னுதானே அர்த்தம்?"

 "வாய்ல பஞ்சு இருக்கு அண்ணா! பேச முடியாதவகிட்ட சம்மதம் கேக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு, சின்னவ பெரியவங்க பேச்சுல..."

அக்கா கையை நீட்டி அவன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தாள். பிளானில் மாடி அறை வரைந்திருந்த கட்டத்துக்குள் பெருக்கல் போட்டாள். இருநூற்றிருபது. கீழே அறுபது. கோடு. பதிமூவாயிரத்து இருநூறு. பக்கத்தில் ஒரு கட்டில் படம் வரைந்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடமும் யாரும் எழுந்து போகவில்லை. காசு கொடுத்துக் கேட்ட டாக்டர் பேச்சாயிற்றே, ஒரு நிமிடம் முன்னால்கூட அவள் வாய் திறக்கவில்லை.

மணி ஆனதும் பஞ்சை எடுத்தாள். ரத்தத்தோடு அந்தப் பிளான்மேல், மாடிப்படி வரைந்திருந்த இடத்தில் வைத்தாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது நான் படுக்கிற கட்டிலோட வாடகை" என்றாள். நாக்கு மரத்து, சொற்கள் குழறின. "படுக்கலாம், உக்கார முடியாது, தல இடிக்கும். ஒன்பது வருஷத்துல ஒருத்தராவது இதப் பெருக்கிப் பாத்தீங்களா?"

"நீ சொன்னாத்தானேக்கா தெரியும்?"

"சம்பளத்த மட்டும் நான் சொல்லாமலே பெருக்கத் தெரிஞ்சுதே!"

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். மூன்று புதுப் பல்லும் உள்ளே போயின.

"மாடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அம்மாவுக்கு மாத்திரைக் காசு இவகிட்ட வரும். என் பல்லு கட்டி முடிக்கிற வரைக்கும் வேற ஒரு பைசா வராது. தெருவுல யாராவது கேட்டா, அம்பத்து நாலாயிரத்தையும் அக்காவே மென்னு தின்னுட்டான்னு சொல்லு."

அன்றைக்கே பெட்டியைத் திறந்து, வேலையை விடுவதாக எழுதிய கடிதத்தை எடுத்துக் கிழித்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. ஊருக்கு வந்து செலவு பண்ணிக்கொள்ளலாம் என்று காசை மிச்சம் பிடித்தவள், அப்படி மிச்சம் பிடித்ததால் போன பல்லைக் கட்டுவதற்காக மறுபடியும் விரிப்பு பிடிக்கப் போகிறாள். இங்கே ஒருவரும் பெருக்கிக் காட்டாத கணக்கு இது. அவளை வழியனுப்பும்போது நான் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது வாரா வாரம் அவளுக்கு இங்குள்ள விலையைப் படித்துக் காட்டுகிறேன். எண்ணெயிலிருந்து தீப்பெட்டி வரை, பில் போடுகிற மாதிரியே. போன வாரம் என்னை நடுவில் நிறுத்தினாள்.

"இன்னிக்கு எல்லாரோடவும் போய் உக்காந்து டீ குடிச்சேன்டி. சூடா இருந்துது."

"எவ்ளோ?"

"ரெண்டு காசு."

நூற்றிருபது என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.