மஞ்சுளா பாதியில் விட்ட பகல் விளக்கு

செங்கத்தில் மாடுகளுக்கான தடுப்பூசி முகாமில் நின்றிருந்தேன். மருந்து ஏற்றிய ஊசி கையில் இருந்தது. ஒரு செவலைப் பசுவின் கயிற்றை அதன் சொந்தக்காரர் இழுத்துப் பிடித்திருந்தார். அப்போது கைப்பேசி அடித்தது. புதூர்நாட்டு மலையில் ஜீப் ஓட்டும் குப்புசாமி. அவர் வீட்டு மாடு சினையாக இருந்தது. அதற்காகத்தான் அழைக்கிறார் என்று நினைத்து, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"மேடம், மஞ்சுளாக்கா போய்ட்டாங்க."

"எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டேன்.

"செத்துட்டாங்க மேடம். திருப்பத்தூரு ஆஸ்பத்திரில இருந்து பேசறேன்" என்றார்.

"எந்த வளைவுல?"

"வளைவு இல்ல மேடம். வண்டி ஒன்னும் கவுல. எங்க வூட்டாண்ட, என் ஜீப்பு முன்னாடி ஒக்காந்துனு லைட் மாட்டினு இருந்தாங்க. அப்டியே பம்பர் மேல சாஞ்சிட்டாங்க."

அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. ஆனாலும் நான் மறுபடியும், "எந்த வளைவுல குப்புசாமி?" என்று கேட்டேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

மஞ்சுளாவின் சாம்பல் நிற வாடகைக் காரில் திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் ஏறி இறங்கிய உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். செய்தி கேட்டதும் நீங்களும் இதையேதான் கேட்டிருப்பீர்கள். எத்தனையோ பேர் என்னிடம் அப்படித்தான் கேட்டார்கள். மலைப்பாதையில் தினமும் வண்டி ஓட்டும் ஒருவருக்கு இன்னது நடக்கலாம் என்று மனத்தின் ஒரு மூலையில் நாம் பயந்துகொண்டே இருந்தோம். வீட்டு வாசலில், நல்ல வெயிலில், கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருக்கும்போது நாற்பத்து சொச்சம் வயதுப் பெண் சாய்ந்துவிடுவார் என்று யார் நினைத்தோம்?

நான் கால்நடை ஆய்வாளராக மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் பேருந்தைத் தவறவிட்டு, மருந்துப் பெட்டியோடு திருப்பத்தூரில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய காரில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. அது முன் இருக்கை. நான் ஏறப் போனபோது தடுத்தார்.

"பொட்டில இன்னாங்க?"

"மாட்டு ஊசி மருந்து. ஐஸ் உருகறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"அப்ப பொட்டி முன்னாடி ஒக்காரட்டும். இங்கதான் வெயில் படாது. நீங்க பின்னாடி நெருக்கிக்குங்க. மாடு போச்சின்னா ஒரு குடும்பமே போச்சி. நீங்க கொஞ்சம் கசங்கினா ஒன்னும் இல்ல."

பெட்டிக்கு இருக்கைப் பட்டையும் மாட்டிவிட்டார். நான் பின்னால், ஒரு மூட்டைப் புளிக்கும் இரண்டு பெரியவர்களுக்கும் நடுவில், ஏறக்குறைய ஒருவர் மடியில் உட்கார்ந்து மலை ஏறினேன். எங்கள் நட்பு அப்படித் தொடங்கியது.

ஒடுகத்தூரில் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். கணவர் ஏழுமலைக்குப் புதூர்நாட்டில் சின்ன மளிகைக் கடை. கடைக்குச் சரக்கு ஏற்றிவர வாங்கிய பழைய காரை ஓட்ட ஆள் அமையாததாலும், ஏழுமலைக்கு வண்டி ஓட்டுவது என்றாலே நடுக்கம் என்பதாலும் மஞ்சுளாவே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு அதையே வாடகை வண்டியாக்கினார். மலையில் ஜீப் ஓட்டிய ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களில் குரல் பெரியவர் குப்புசாமி. வண்டிகள் நிற்கும் இடத்தில், "பொம்பள ஓட்ற வண்டில ஏறாதீங்க, இது மலை" என்று பயணிகளிடம் சத்தமாகவே சொல்வார். மஞ்சுளாவைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. எப்போதும் "அந்தப் பொம்பள"தான்.

நான்தான் கோபப்படுவேன். மஞ்சுளா சிரிப்பார். "அவரு கத்துறாரு, நான் ஓட்றேன். யாரு மொதல்ல களைச்சிப் போறாங்கன்னு பாக்கலாம் மேடம்."

ஒரு மழைக்காலக் காலையில் நான் முன் இருக்கையில் இருந்தேன். கீழே வெயில் இருந்தது. பாதி மலை ஏறியதும் பனிமூட்டம் ஒரேயடியாக வந்து மூடிக்கொண்டது. முன்விளக்கைப் போட மஞ்சுளாவின் கை போய்க்கொண்டிருந்தபோதே வளைவில் குப்புசாமியின் ஜீப் எதிரே வந்துவிட்டது. மஞ்சுளா பாறைப் பக்கம் ஒடித்தார். எங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்து ஜன்னல் வழியாக என் மடியில் விழுந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

குப்புசாமி இறங்கி ஓடிவந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்ன பாக்கலயா?" என்று கேட்டார் மஞ்சுளா.

"பாக்கல. சத்தியமா பாக்கல. பாறைன்னு நெனச்சேன்."

அவர் போன பிறகு மஞ்சுளா சாலையோரக் கைப்பிடிச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "திட்டியிருந்தா தாங்கிக்குவேன் மேடம். பாறைன்னு நெனச்சேன்றாரே."

அந்த வாரமே பகலிலும் எரியும் எல்இடி விளக்குகள் இரண்டு வாங்கினார். புதுக் கார்களில் பம்பரோடு சேர்ந்தே வருமே, அந்தப் பட்டை விளக்குகள். பழைய வண்டிக்கு வெளியில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். ஒடுகத்தூரில் வாகன மின்வேலைக் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன், நீலமும் சிவப்பும் ஓடி ஓடி எரிகிற மாதிரி எடுத்துக் காட்டினாராம். "இது காரா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டு வெள்ளையை எடுத்துவந்தார். அண்ணன் இருபக்க ஒட்டுநாடாவால் அவற்றை ஒட்டி அனுப்பினார். மலையின் குலுக்கலில் ஒன்று அன்றைக்கே பிய்ந்து, ஒயரில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

"ஒட்றதெல்லாம் ஊருக்கு. மலைக்கு ஸ்க்ரூதான்" என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே மாட்ட உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன் அண்ணன் கடையில் இருந்து பழகிய கை. நான் பம்பரைப் பிடித்துக்கொண்டேன். வாசல் தரை சரிவு என்பதால் தரையிலிருந்து அளக்காமல், பம்பரின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து சாக்பீஸால் குறித்தார். பிளாஸ்டிக் விரியாமல் இருக்க, துளை போடும் இடத்தில் காகித நாடாவை ஒட்டி, சின்ன டிரில்லால் மெதுவாகத் துளைத்தார். இரும்புத் தாங்கியில் விளக்கை வைத்து முடுக்கினார். ஒயரை இன்ஜின் விசிறியில் சிக்காமல் ஓரமாகக் கொண்டுபோய், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற இணைப்பில், நடுவில் தனியாக ஒரு பியூஸ் வைத்துச் சேர்த்தார்.

"எதுக்கு இவ்ளோ சுத்து? ஒரு சுவிட்ச் வெச்சிக்கலாமே" என்றேன்.

"சுவிட்ச் வெச்சா மறப்பேன். அன்னிக்கும் கை போய்னுதான இருந்துச்சு? சாவி போட்டா தானா எரியணும். ஞாபகத்த நம்பி மலைல ஓட்டக்கூடாது மேடம்."

இன்னொரு மெல்லிய ஒயரை முன்விளக்கோடு இணைத்தார். முன்விளக்கு எரியும்போது இது மங்கிவிடுமாம். "எதிர்ல வர்றவன் கண்ணக் கூசினா அது வெளக்கு இல்ல, வம்பு."

சாவியைப் போட்டார். இடப்பக்கம் எரிந்தது, வலப்பக்கம் எரியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எர்த் ஒயரைப் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தார்; பெயிண்ட் இருந்தால் மின்சாரம் ஓடாது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கியதும் அதுவும் எரிந்தது. குழந்தை போலக் கைதட்டினார்.

எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்க ஏழுமலையை எதிர்ச்சரிவுக்கு அனுப்பினார். அவர் சாமை வயல்களைத் தாண்டிப் போய் நின்று துண்டை ஆட்டினார். இன்னும் போகச் சொல்லிக் கை காட்டினார் மஞ்சுளா. இன்னும் தள்ளிப் போய் ஆட்டினார். அவர் துண்டு எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை அனுப்பிவிட்டார். திரும்பி வந்த ஏழுமலை, மூச்சு வாங்க, "அங்கயும் தெரியுதுடி, போதும் வுட்ரு" என்றார்.

குப்புசாமி கேலி செய்யாமல் இல்லை. "வண்டிக்கு மை வெச்ச மாரி கீது" என்று சொல்லித் திரிந்தார். ஆனால் மஞ்சுளா இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், சுமை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, அதே வளைவுக்கு மேலே பனிக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருக்கிறார். ஓரம் கட்டி நின்றிருக்கிறார். மஞ்சுளாவின் கார் நிறைய ஆட்களோடு அவரைத் தாண்டிப் போனது. உள்ளே பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று மாலை அவர் நேராக மஞ்சுளாவின் வீட்டுக்கே வந்துவிட்டாராம்.

மஞ்சுளா எனக்கு அழைத்துச் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. "மேடம், ஒலக அதிசயம் கேளுங்க. குப்புசாமி வந்து, எனக்கும் அதே மாரி மாட்டிக் குடும்மான்னு கேக்கறாரு!"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கூலியெல்லாம் வாணாம். நாலு பேரு நிக்கற எடத்துல என்ன மஞ்சுளான்னு பேர் சொல்லிக் கூப்டுங்க, மாட்றேன்னு சொன்னேன்."

"அவரு?"

"அக்கான்னு சேத்துக் கூப்ட்டாரு மேடம். என்ன விட மூத்தவரு!" சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவரோடு பேசிய கடைசி நீண்ட பேச்சு அது.

இறந்த அன்று காலை தலை வலிக்கிறது என்று ஏழுமலையிடம் சொல்லியிருக்கிறார். ஒரு டீ குடித்துவிட்டு, கருவிப் பையோடு குப்புசாமி வீட்டுக்கு நடந்திருக்கிறார். இடப்பக்க விளக்கை மாட்டி, சாவி போட்டு எரிகிறதா என்று பார்த்தாயிற்று. வலப்பக்கத்துக்கு ஒயரை இழுத்தவர், "தண்ணி குடுங்க, தல சுத்துது" என்றிருக்கிறார். குப்புசாமியின் மனைவி சொம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். அதே ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு குப்புசாமி மலை இறங்கினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

நான் செங்கத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் அந்த ஜீப் குறுக்காக நின்றது. குப்புசாமி சாவியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடியிருக்கிறார். பட்டப்பகலில் பம்பரின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. மறுபக்கம் துளையும், தொங்கும் ஒயரும். காவலாளி ஒருவர், "யாரு வண்டிப்பா இது? லைட் எரியுது, பேட்டரி போய்டும்" என்று சத்தம் போட்டார். குப்புசாமி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. நான் கை நீட்டிச் சாவியைத் திருப்ப நினைத்தேன். கை எழவில்லை. நாங்கள் இருவரும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரியம் முடிந்த பிறகும் குப்புசாமி ஒற்றை விளக்கோடு ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. ஒருநாள் ஏழுமலையே கருவிப் பையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணா, பனில ஒத்த லைட்டோட போனா எதிர்ல வர்றவன் பைக்குன்னு நெனச்சி உள்ள வந்துருவான். அவ இருந்தா வுட்டிருப்பாளா?"

குப்புசாமி சாவியைக் கொடுத்தார். டிரில்லைத் தொட்டே பார்க்காத ஏழுமலை, ஒடுகத்தூர் மைத்துனரிடம் கைப்பேசியில் கேட்டுக் கேட்டு மாட்டினார். வலப்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்துவிட்டது. எரிகிறது. பனியில் ஜீப் ஜீப்பாகவே தெரிகிறது. ஆனால் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "கோணலா கீதே" என்று சொல்ல வேண்டியவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. குப்புசாமி வீட்டுக் கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

மஞ்சுளாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. மாலையில் கடைசி நடையில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், வீடு போய்ச் சேரும் நேரம் கணக்கிட்டு அவர் அழைப்பார். உங்களுக்கும் அழைத்திருப்பார். "வூடு சேந்தீங்களா?" அவ்வளவுதான். பதில் கேட்டதும் வைத்துவிடுவார். அடக்கம் முடிந்து நான் வீடு திரும்பிய மாலையில், செருப்பைக் கழற்றாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றேன். அது அடிக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். சென்ற வாரம் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் குப்புசாமிக்கு அழைத்து, "வூடு சேந்தீங்களா?" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"சேந்துட்டேன் மேடம்" என்றார்.

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.